ஃப்ரிட்ஜ் ஓடியது... வேன் ஓடவில்லை!

போன வாரம் ஒரு மனிதரைப் போனில் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு சிரித்துப் பேசுகிற ஆள்தானா என்று என் வீட்டுக்காரரே பயந்து ஒதுங்கி நின்றார். திட்டியதற்கு வருத்தமா? இல்லவே இல்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கலாமே என்றுதான் வருத்தம்!

விஷயம் இதுதான். எங்களிடம் ஒரு பழைய டீசல் வேன் இருக்கிறது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து, போகிற இடத்தில் அதிலேயே தங்குகிற மாதிரி மாற்றினோம். என் வீட்டுக்காரருக்கு அதில் ஃப்ரிட்ஜும் வேண்டுமாம். மார்கழி மாசம், ஏற்காட்டுக்குப் போக, ஃப்ரிட்ஜ்! சரி, மனுஷன் ஆசைப்பட்டுவிட்டார்...

ஃப்ரிட்ஜுக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி. சேலத்தில் ஒரு ஃபிட்டர் மாட்டித் தந்தார். இதில் முக்கியமான சாமான் ஒன்று உண்டு. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே. என்ஜின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் ஏற்றும். என்ஜின் நின்றால் பிரித்துவிடும். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் தன் பேட்டரியை மட்டும் தின்னும், வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியைத் தொடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போய்த் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ரிலே மாட்டியாச்சுங்க மேடம். ஃப்ரிட்ஜ் மட்டும் சாயக் கூடாது. எங்க போனாலும் வண்டியச் சமமான எடத்துல நிறுத்துங்க" என்றார்.

ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமமான தலைச்சோலையில் சின்னசாமி, ராணி என்று ஒரு தம்பதி. சின்னதாகக் காபித் தோட்டம். வருஷக்கணக்காக அவர்களிடம்தான் எங்களுக்குக் காபிக்கொட்டை. அவர்கள் வீட்டை ஒட்டித்தான் வேனை நிறுத்தினோம்.

"ஏனுங்க, மூக்க எறக்கத்துப் பக்கமா வெச்சு நிறுத்துங்க. காலையில குளிருக்கு மக்கர் பண்ணுச்சுன்னா அப்படியே உருட்டி உட்டுக்கலாம்" என்றார் சின்னசாமி. மலையில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரர் கேட்டாரா? ஃபிட்டர் சொல்லியிருக்கிறாரே! காபிப் பழம் காயவைக்கிற களத்துக்குப் பின்னால், தரை மட்டமாக இருந்த ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சொருகினார். இரண்டு நாள் வண்டி அசையவில்லை. ஃப்ரிட்ஜ் ஜோராக ஓடியது.

கிளம்ப வேண்டிய அன்று காலை, பழம் பறித்துக்கொண்டிருந்த ராணியைக் குளவிக் கூட்டம் சூழ்ந்துகொண்டு கொட்டிவிட்டது. சின்னசாமி தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சு இழுக்கிறது. பைக்கில் உட்காரவைக்கிற நிலைமையே இல்லை.

நல்லவேளையாக ரோட்டில் ஒரு ஜீப். ஆரஞ்சு மூட்டைகளோடு ஏற்காட்டுக்குப் போகிறது. டிரைவர் தானாகவே நிறுத்தி, "மூட்டைய எறக்கிப் போட்டரட்டுங்களா?" என்கிறார். சின்னசாமி என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாமுங்க, நம்ம ஊட்டுலயே வேன் நிக்குது. படுக்கவெச்சே கொண்டுபோயர்லாம். நீங்க போங்க."

ஜீப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். டிக்... அவ்வளவுதான். மறுபடியும் டிக். ஃப்ரிட்ஜ் தன் பேட்டரியைத் தின்று முடித்து, வண்டியின் பேட்டரியையும் தின்றிருந்தது. சின்னசாமி என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வை... வேண்டாம், எழுத முடியவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருவர் சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார். பக்கத்துத் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளினார்கள். வண்டிக்குப் பின்னால் பாறை, முன்னால் களம். களம் முழுக்க ராணி பறித்துக் காயவைத்த காபிப் பழம். வேறு வழி? அதன் மேலேயே ஏற்றித் தள்ளி, இறக்கத்துக்குக் கொண்டுவந்து உருட்டியதில், வளைவில் ஒருவழியாக என்ஜின் பிடித்தது. ராணியின் தலை என் மடியில். அவள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் அடுத்தது வருமா, வருமா என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். என்ன சொல்வது? ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது என்றா?

ஏற்காட்டிலேயே ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு மெக்கானிக்கை வைத்து வேனைப் பிரித்துப் பார்த்தோம். ரிலேயைக் காணோம்! இரண்டு பேட்டரிக்கும் நடுவில் நேராக ஒரு தடித்த வயர். அப்போதுதான் அந்த ஃபிட்டருக்குப் போன் போட்டேன்.

"ரிலே இருந்தா வோல்டேஜ் கொஞ்சம் எறங்கும் மேடம். கூலிங் கம்மியாத் தெரியும். உங்க நல்லதுக்குத்தான் எடுத்துட்டேன். ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுச்சில்லைங்க?"

எப்படி இருக்கும் எனக்கு?

இவர் ஒருத்தர்தானா? நம் ஊரில் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறையில்லாமல் செய்துவிடுவார்கள். ஆபத்துக்கென்று இருக்கிற சாமான்தான் முதலில் காணாமல் போகும். லிஃப்டில் கண்ணாடி மின்னும், அலாரம் அடிக்காது. பஸ்ஸில் எமர்ஜென்சி கதவை அடைத்து ஒரு சீட். முதலுதவிப் பெட்டிக்குள் டிரைவரின் சீப்பும் பவுடரும்! கேட்டால் பதில் தயார்... எல்லாம் நம் நல்லதுக்குத்தானாம். யார் கேட்டார்கள் அந்த நல்லதை?

சாயங்காலம் வார்டில் ராணி மெல்லக் கண் திறந்தாள். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. களத்தில் நசுங்கிப்போன பழத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க அக்கா, வண்டியப் போட்டு அந்தக் குலுக்கு குலுக்குனாங்களே... நொம்ப ஆசையா வாங்கின ஃப்ரிட்ஜுன்னு சொன்னீங்க. அதுக்கு ஒண்ணும் ஆவலைங்களே?"

ஒன்றும் ஆகவில்லை, தாயே. உள்ளே வைத்த தயிர்கூடப் புளிக்கவில்லை!