பித்தப்பைக் கல்லும் அக்காவும்

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு என் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுத்தே கிடக்காமல் நடக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கள் தாராவித் தெருவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சாத்துக்குடியும் ரொட்டியுமாகப் பார்க்க வருகிறவர்களுக்கு, ஆபரேஷன் ஆனவள் படுத்துக் கிடக்க வேண்டும். கொஞ்சம் முனகவும் வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லை.

காலை முழுக்க வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆள் வருது, படு" என்று சைகை காட்டினார். நானும் போய்ப் போய்ப் படுத்தேன். உண்மையில் வலித்தது வலது தோள்தான். ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றிய காற்றின் மிச்சம் அப்படித்தான் வலிக்குமாம், தானாகப் போய்விடுமாம். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வயிற்றைப் பிடித்துக்கொண்டே முனகினேன்.

மதியம், கல்யாணிலிருந்து அக்கா கிளம்பிவிட்டதாக போன் வந்தது. எனக்குத் திக்கென்றது. அவளுக்கும் இதே கல்தான். கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் ஆபத்து, சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியும், இஞ்சிச் சாறு குடித்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வயிற்றில் அந்தக் காலத்துப் பெரிய தையலைப் பார்த்துப் பயந்தவள். நான் முனகுவதையும் பார்த்தால் ஆபரேஷன் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். பிறந்த வீட்டில் அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

எழுந்து தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, அக்காவுக்கு டீ போட்டேன். உள்ளே வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன நிக்கே? பயந்துபோயி ஆபரேஷன் பண்ணாம வந்துட்டியா?"

"பண்ணியாச்சுக்கா."

சேலையை விலக்கிப் பிளாஸ்திரிகளைக் காட்டினேன்.

"இந்த ஓட்டை வழியாவா பையை எடுத்தாங்க? ஒன்னை நல்லா ஏமாத்திட்டானுவ."

வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் பாட்டிலை எடுத்து வந்தார். "குலுக்கிப் பாருங்க மதினி."

உள்ளே கற்கள் கலகலத்தன. எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள் அக்கா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்பாட்டிப் போ. எனக்குத் தோளு வேற வலிக்கு."

"வயித்துல பண்ணா தோளா வலிக்கும்?"

"ஆமா. காத்து அடைச்சாங்கல்லா, அதான்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"இப்பிடி ஒரு பொய்யைச் சோடிக்க ஒனக்குச் சாமர்த்தியம் கெடையாதுட்டி. நெசமாவே பண்ணிட்டாங்க போலிருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ரொம்ப வலிச்சுதா?"

"கண்ணு முழிச்சா முடிஞ்சுபோச்சுக்கா."

அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்தாள். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, என் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"பாத்தியா? என் கல்லு ஒன்னோடதைவிடப் பெருசு."

சின்ன வயதில் மீன் துண்டுக்குச் சண்டை போட்ட அதே குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எப்பவும் ஒனக்குத்தானே பெருசு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.