கையைப் பிடிக்காத ஒண்ணாம் வகுப்பு

ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலையில் பாதி, பிள்ளைகளின் கையைப் பிடிப்பதுதான். அதை மட்டும் செய்யக்கூடாது என்று சொல்லித்தான் கொரோனா பூட்டைத் திறந்து எங்களை வகுப்புக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறக்காதா என்று ஏங்கி, திறந்துவிடுமோ என்று நடுங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும். என் மகள் நிலாவும் ஒண்ணாம் வகுப்பு, என் வகுப்பேதான். ஆனால் அவளுக்கு இளைப்பு. வானம் இருட்டினாலே நெஞ்சுக்குள் விசில் கேட்கும். அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, மற்றவர்கள் பிள்ளைகளை வரவேற்க ஆய்க்குடியிலிருந்து நான் மட்டும் தென்காசிக்கு பஸ் ஏறினேன்.

கேட்டில் ஒரு கேள்வி

முதல் நாள் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு கேட்டில் நின்றேன். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் லாட்ஜ் வேலை பார்க்கிற மாடசாமி அண்ணாச்சி, மகள் இசக்கியை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினார். அவள் நெற்றி மழைக்காற்றில் குளிர்ந்துபோய், கருவி எண்ணே காட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்த்து, "உள்ளே போம்மா" என்றேன். அவர் பிள்ளையின் கையை விடவில்லை.

"ஏன் டீச்சர், அவ்வளவு பெரிய அருவியவே குளிக்கக்கூடாதுன்னு அடைச்சு வச்சிருக்காவ. இத்துனூண்டு பள்ளிக்கூடத்த எந்த தைரியத்துல தெறக்கிய?"

காற்றில் ஒரு 'அ'

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் என் விரல்மேல் விரல் வைத்துத்தான் எழுதப் பழக்கினார். எனக்கும் அந்த ஒரு வழிதான் தெரியும். இப்போது தொடக்கூடாதே. அதனால் பிள்ளைகளைப் பார்த்து நின்று, காற்றில் பெரிதாக 'அ' போட்டேன். சிலேட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். அத்தனையும் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இடம் வலம் மாறிக் கிடந்தது. எதிரே நிற்பவர்களுக்கு என் வலது, இடது என்பதை மறந்திருக்கிறேன்.

"தப்பும்மா" என்றேன். இசக்கி மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டினாள்.

"நீங்க எப்படிப் போட்டியளோ அப்படியேதான் டீச்சர் போட்டிருக்கோம்."

வேப்பமரத்தடியில்

சாப்பாடு வேப்பமரத்தடியில், ஆளுக்கொரு சுண்ணாம்பு வட்டம். மாஸ்க்கைக் கழற்றியதும் யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பக்கத்தில் இருந்தவளுக்கு மூக்கும் வாயும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்ததுபோல. கோயிலில் திரை விலகும்போதுதான் அப்படிப் பார்ப்போம்.

அப்புறம் இசக்கி டப்பாவைத் திறந்தாள். உருளைக்கிழங்குப் பொரியல். எதிர் வட்டத்துப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். இசக்கி வட்டத்தைத் தாண்டாமல் டப்பாவை மட்டும் காற்றுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"ஏட்டி, பொரியல தரக்கூடாதாம். மணத்த மட்டும் எடுத்துக்கோ."

காலி வட்டம்

வகுப்புக்குள்ளும் வட்டங்கள்தான். நிலாவுக்கென்று போட்டது மட்டும் காலி. அதில் யாரையும் இசக்கி மிதிக்கவிடவில்லை. "டீச்சர் பிள்ளைக்கு" என்பாளாம். அதைச் சொன்ன மாடசாமி அண்ணாச்சி, "எம்மவள நம்பி அனுப்புதேன். நீங்க எப்போ டீச்சர்?" என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

டாக்டரிடம் கேட்டு, இளைப்புக்கு உறிஞ்சும் மருந்தைப் பையில் வைத்து, இன்று காலை நிலாவைக் கூட்டிப்போனேன். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஈரக்காற்று. காலி வட்டத்தில் நின்றவள் உதட்டைப் பிதுக்கினாள். நெஞ்சில் விசில் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அழுதாள். என் கை தானாக நீண்டது. அடுத்த வட்டத்திலிருந்து இசக்கியின் குரல்:

"டீச்சர், தொடக்கூடாது. நீங்கதான சொன்னிய! ஏட்டி நிலா, அழாத, என்னைப் பாத்து எழுது."

நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தாள். விசில் கேட்கவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் தூங்குகிறாள், இப்போதும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பத்திரமாகத் திறக்க அத்தனை வழிமுறை சொல்லித் தந்தவர்கள், நீட்டிய கையை ஒரு தாய் எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.