அத்தானின் மூக்கும் ஒரு கிளட்சும்

மச்சினிக்குக் காலையில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டகையின் ஷட்டரைத் தூக்கியதும் காலி பாட்டில் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஓர் உறிஞ்சு உறிஞ்சுவாள். பிறகு தொப்பையைத் தள்ளிக்கொண்டு, அடித்தொண்டையில், "ம்ம்ம்... பிரேக் ஆயில். இதுக்குப் பேரு வேற எழுதி ஒட்டணுமாக்கும்! அப்புறம் என் மூக்கு எதுக்குடா இருக்கு?" என்பாள்.

அது அவள் அக்கா புருஷனின் குரல். பக்கத்து டயர் கடைக்காரர் தினமும் இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது வேடிக்கை இல்லை. கத்தியைத் தினமும் தீட்டி வைப்பது மாதிரி, கோபம் மழுங்கிவிடக் கூடாதே என்று செய்கிற காரியம்.

அத்தானின் பைக் பட்டறை அந்தத் தெருமுனையிலேயே பெரியது. அக்காவோடு அந்த வீட்டுக்கு வந்தவள், வீட்டுக்குள் இருந்ததைவிடப் பட்டறையில் இருந்ததே அதிகம். அத்தான் கூப்பிட்டதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அவளை மச்சினி என்றே கூப்பிட்டார்கள். கிளட்ச் என்றால் அவள்தான். "கிளட்சா? மச்சினிகிட்ட விட்டுட்டுப் போங்க" என்று அத்தானே பெருமையாகச் சொன்ன காலமும் இருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. பெரிய டின்களில் வரும் எண்ணெய்களையெல்லாம் அத்தான் பழச்சாறு பாட்டில்களில் பிரித்து ஊற்றி வைப்பார். எதிலும் பெயர் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்பு பாட்டில். அவர் மூடியைத் திறப்பார், மோந்து பார்ப்பார், ஊற்றுவார். வேறு யாரும் பாட்டிலைத் தொடக் கூடாது.

ஒருநாள் பேக்கரிக்காரருடைய பழைய வண்டி வந்தது. அந்தக் காலத்திலேயே ஹைட்ராலிக் கிளட்ச் வைத்த வண்டி. கேபிளுக்குப் பதில் குழாய்க்குள் பிரேக் ஆயில் ஓடும்; லீவரைப் பிடித்தால் அந்த எண்ணெய்தான் போய்க் கிளட்ச்சைத் தள்ளி விலக்கும். மச்சினி அதற்குப் புதுத் தட்டுகள் போட்டுக் கச்சிதமாக முடித்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு போன பேக்கரிக்காரர் அன்றே ஒரு சிக்னலில் நிறுத்தப் பார்த்தார். லீவரை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி நிற்கவில்லை. ஊர்ந்தது. நியூட்ரலும் விழவில்லை. பதறி எதையோ செய்யப்போக, வண்டி துள்ளி முன்னால் நின்ற வேனின் முதுகில் மோதியது. கணுக்கால் முறிந்தது.

"ஆமை மாதிரி ஊர்ந்துச்சு தம்பி" என்றார் அவர் அத்தானிடம், கட்டுப் போட்ட காலோடு.

அத்தானுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பட்டறை வாசலில், அத்தனை பேர் முன்னாடி, "எல்லாம் எங்க வீட்டு ஆமை பார்த்த வேலைங்க. இனிமே அவ இங்க கை வைக்க மாட்டா" என்றார். அன்றோடு வெளியே. அக்கா மட்டும் பின்வாசலில் கிசுகிசுத்தாள்: "கொஞ்ச நாள் போகட்டும்டி. அவரே கூப்பிடுவாரு."

அவர் கூப்பிடவில்லை. ஆமை என்ற பெயர்தான் கூடவே வந்தது.

தனியாகக் கொட்டகை போட்டாள். பஞ்சர் ஒட்டினாள், செயினுக்கு எண்ணெய் விட்டாள், பல்பு மாற்றினாள். கிளட்ச் வேலையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, "கிளட்ச்சும் கொஞ்சம் இழுக்குதுங்க, எங்க காட்டலாம்?" என்று அவளிடமே கேட்பார்கள். அவள் கையை நீட்டித் தெருமுனையைக் காட்டுவாள். ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கும்.

இப்படியே வருஷங்கள் போனபின் ஒரு பெண் மூச்சு வாங்க ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்ததுமே மச்சினியின் கையிலிருந்த டயர் லீவர் நழுவிக் கீழே விழுந்தது.

"பேக்கரிக்காரர் பொண்ணா நீ?"

"ஆமாக்கா. அப்பா கால் ஒடிஞ்சதுலேருந்து கோடவுன்ல தார்ப்பாய் போட்டு மூடியே கிடந்துச்சு. யாரும் தொடல. எனக்கு ஓட்டணும். முனைப் பட்டறையில, இதை எடைக்குப் போடுமான்னு விரட்டிட்டாரு."

"நான்தான் கெடுத்தேன்னு உங்கப்பா சொல்லலையா?"

"சொன்னாரே. அதான் வந்தேன். கெடுத்தவங்களுக்குத்தானே எங்க கெடுத்தோம்னு தெரியும்?"

டயர் கடைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். மச்சினி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு வண்டியை உள்ளே தள்ளினாள்.

இன்ஜினைச் சூடாக்கி, லீவரைப் பிடித்து, கியரைத் தட்டினாள். படக்கென்று ஒரு குதி. பிடித்த லீவரோடு வண்டி முன்னால் நகர்ந்தது. அதே ஆமை.

நாள்பட நின்ற வண்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அல்லது வளைந்திருக்கும். கிளட்ச் மூடியைக் கழற்றினாள். ஒருவேளை தப்பு தன்னுடையதாகவே இருந்துவிட்டால்? ஒவ்வொரு தட்டாக எடுத்துத் துடைத்து, கண்ணாடிப் பலகை மேல் வைத்து, விரலால் ஓரத்தை அழுத்தினாள். ஒன்றுகூட ஆடவில்லை. எல்லாம் அவள் போட்டபடியே நேராக, புதுசாகவே இருந்தன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது காற்று. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் லீவர் அதைத்தான் நசுக்கும், கிளட்ச்சைத் தள்ளாது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து, லீவர் இருக்கும் முனையை மேலே வரவைத்தாள். பழைய எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்தாள். புதுசு ஊற்றி, அந்தப் பெண்ணை லீவர் பிடிக்கச் சொல்லிக் காற்றை எடுத்து, மிச்சக் குமிழியும் ஏறி வரட்டும் என்று லீவரைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கட்டை அவிழ்த்துப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொழகொழவென்றுதான் இருந்தது. எரிச்சலோடு திரும்பியவள் கண்ணில் ஜன்னலோரம் வைத்திருந்த டம்ளர் பட்டது. கலங்கலாக இருந்த எண்ணெய் தெளிந்து இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் கறுப்பாக ஒன்று. மேலே வேறொன்று மிதந்துகொண்டிருந்தது.

லீவரையொட்டி எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தாள். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் ஊதிப்போய்க் கிடந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

"பால்ல ஊறின ரொட்டி மாதிரி இருக்குதேக்கா" என்றாள் பேக்கரிக்காரர் பெண்.

"பிரேக் ஆயில் போகவேண்டிய எடத்துல வேற ஆயில் போனா ரப்பர் இப்படித்தான் ஆகும். அழுத்தம் தாங்காது. ஓரமா வழிய விட்டுடும். லீவர் கைக்கு வரும், கிளட்ச் முழுசா விலகாது."

"மாத்திட்டா ஓடுமா?"

"நல்லா ஓடும். ஆனா இங்க மாத்த மாட்டேன்." மச்சினியின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. பார்க்க நன்றாக இல்லை. "நாளைக்கு உங்கப்பாவை முனைப் பட்டறைக்குக் கூட்டிட்டு வா. கூட்டம் இருக்கிற நேரமாப் பார்த்து."

மறுநாள் பட்டறை பெஞ்சில் இடமில்லாத நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். கையில் டம்ளர். அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடியே, "என்ன ஆமை, வந்து சேர இத்தனை வருஷமாச்சா?" என்றார். பெஞ்சு சிரித்தது.

"உங்க மூக்குக்கு ஒரு வேலை இருக்கு அத்தான். எனக்குப் புரியல." குரலில் தேன் வழிந்தது.

எல்லாரும் பார்க்கிறார்கள். அத்தானுக்கு அது போதாதா? எழுந்தார். டம்ளரை ஆட்டாமல் வாங்கினார், மோந்தார். கண்ணை மூடி ஒரு ரசிப்பு. பிறகு அடியில் இருந்ததைக் குச்சியால் தொட்டு எடுத்து மோந்தார்.

"ம்ம்ம்... கீழ பிரேக் ஆயில். மேல நிக்கிறது முன்சக்கர ஷாக்ல ஊத்துற ஃபோர்க் ஆயில். எந்த மடையன் இது ரெண்டையும் ஒண்ணா ஊத்தினான்?"

"லீவர் மேல இருக்கிற கிளட்ச் ஆயில் கப்புல ஊத்தியிருக்கான் அத்தான்."

"கிளட்ச்சுலயா? அட படுபாவி! ரப்பரெல்லாம் போயிருக்குமே. அவனையெல்லாம் தொழில் பண்ணவே விடக் கூடாது!"

"சரியாச் சொன்னீங்க." மச்சினி திரும்பினாள். கைத்தடியோடு நின்ற பேக்கரிக்காரரிடம், "ஐயா, அன்னிக்கு நீங்க வண்டி எடுக்க வந்தப்போ கப்பைத் திறந்து நிரப்பினது யாரு? ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ஏன் இல்லாம? தம்பிதான்." அவர் கைத்தடியால் அத்தானைக் காட்டினார். "உங்களுக்குன்னா நானே என் கையால நிரப்பித் தரேன்னு சொல்லி ஊத்தினாரே. பாவம், அன்னிக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். தும்மித் தும்மி மூக்கு செவந்து கிடந்துச்சு."

பெஞ்சின் கோடியிலிருந்து ஒருவர் வேண்டுமென்றே, "அச்!" என்று தும்மினார். அவ்வளவுதான். பெஞ்சே குலுங்கியது.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"உள்ள வா, பேசிக்கலாம்" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கு அத்தான்? அன்னிக்கு வாசல்லதானே பேசினீங்க?"

சத்தம் கேட்டு அக்கா பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். "வேணாம்டி. வீட்டு மானம் போகுது."

"என் மானம் இத்தனை நாளா இந்த வாசல்லதான் கிடந்துச்சு அக்கா. நீயும் தெனம் பெருக்கிட்டுத்தானே இருந்தே? கண்ணுல படலையா?"

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். மச்சினி அத்தானின் நாற்காலியை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். புது ரப்பர் வாஷர்களை அவர் முன்னால் நீட்டினாள்.

"போடுங்க."

பேக்கரிக்காரர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். அத்தான் உட்கார்ந்து போட்டார். பழைய எண்ணெய் பட்ட இடத்தையெல்லாம் அவரைத் துடைக்கச் சொல்லி, இன்னும் துடைக்கச் சொல்லி, அதன்பிறகே புது எண்ணெய் ஊற்ற விட்டாள். பெயர் ஒட்டிய, சீல் உடைக்காத டப்பா. அவர் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பெஞ்சிலிருந்து மறுபடி ஒரு தும்மல்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அந்தக் காலத்தில் அவள் லீவரைப் பிடிப்பாள், அவர் கீழேயிருந்து கத்துவார். இன்று ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. தொப்பையைத் தள்ளி, அடித்தொண்டையில், அச்சு அசலாக அவர் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"பிடி! விடாதே! இப்ப விடு! காது என்ன செவிடா? பிடின்னா பிடி!"

பெஞ்சில் ஒருவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. இன்னொருவர் எட்டிப் பார்த்து, "மச்சினி, என் வண்டிக்கும் கிளட்ச்சு ஒரு மாதிரி இழுக்குது. உன் கடை எங்க இருக்கு?" என்றார்.

"அத்தானைக் கேளுங்க. வழி காட்டுவாரு."

அத்தான் அசையவில்லை. அவள் ஸ்பேனரைத் தாழ்த்தி அவரையே பார்த்தாள். கடைசியில் லீவரைப் பிடிக்காத கையை மெல்ல நீட்டினார். கொட்டகை இருந்த பக்கம்.

நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழிகள் வந்தன, சின்னதாகின, நின்றன. எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிவாக இறங்கியது. லீவர் கல்லு மாதிரி இறுகிவிட்டதை அத்தானின் கையும் உணர்ந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"போதுமா?"

மச்சினி குழாயைப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இன்னும் காத்து வருது அத்தான். பிடிங்க."