தம்பிக்காக வாங்கிய முகவரி

தையல்கடை வைத்திருந்தவளை எங்கள் தெருவில் டேப் அக்கா என்றுதான் சொல்வோம். சாப்பிடும்போதும் கழுத்தில் அளவு டேப் தொங்கும். ஆளைப் பார்த்தே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். என்னுடையதை ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்லி மானத்தை வாங்கினாள்.

அவள் தம்பி ஆற்றில் மூழ்கிப்போய் ஐந்து வருடம். கரை ஒதுங்கிய உடலில் முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் அவன் என்று முடிவு செய்தார்கள்.

"அந்தச் சட்டைய நான்தான் தைச்சேன். ஆனா அதே துணியில நாப்பது சட்டை தைச்சிருக்கேனே தம்பி," என்பாள் என்னிடம்.

எனக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழில். தம்பியை அவள் மட்டும் கூப்பிட்ட செல்லப்பெயரில், தமிழிலேயே ஓர் இணைய முகவரி வேண்டும் என்று வந்து நின்றாள்.

"தமிழ்ல வேணாங்க்கா. நாம தமிழ்ல அடிச்சாலும் உள்ள போறப்ப அது ஏதோ இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா மாறிடும். லிங்க் அனுப்பினா வைரஸ்னு ஜனம் தொடாது. பாதி மெயில் கம்பெனி அந்த முகவரிய ஏத்துக்கவே ஏத்துக்காது."

"ஜனம் எதுக்கு? அவன் ஒருத்தன் அடிச்சா போதும்."

வாங்கிக் கொடுத்தேன். அந்த இணையப் பக்கத்தில் அவள் படம், கீழே செய்தி எழுத ஒரு கட்டம். எழுதினால் அவள் மெயிலுக்குப் போகும். முகவரியை வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இரண்டாம் மாதத்திலிருந்து செவ்வாய்தோறும் மாலை நாலு பத்துக்கு யாரோ அந்தப் பக்கத்துக்கு வந்துபோவது தளத்தின் வருகைப் பதிவில் தெரிந்தது. இணையத்தை மேயும் ஏதாவது நிரலாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எந்த நிரலும் பதினோரு நிமிடம் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காது.

அக்கா தினமும் மெயிலைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த வருகை தொடங்கி நாலு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. செய்திகள் அந்தத் தமிழ் முகவரியிலிருந்தே அவளுக்குப் போகும்படி வைத்திருந்தேன். அவளிடம் அவ்வளவு நீட்டி முழக்கியவன், அதையே மறந்து தொலைத்திருந்தேன். அவளுடைய மெயில் கம்பெனி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருந்தது. மொத்தம் பதினேழு. திரும்பி வந்தவை ஐந்து நாளில் தானாக அழிந்துவிடும். பதினாறு போயே போய்விட்டன. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிஞ்சிய ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன்.

"அக்கா, எத்தனை தடவை கேக்கறது? சட்டை இன்னும் காயல. வீட்டுக்கு வரட்டுமா?"

யாரோ விளையாடுகிறார்கள், போலீசில் சொல்லலாம் என்றேன். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"என் படத்த எடுத்துடு. அந்த எடத்துல 'வா'ன்னு போடு."

போட்டேன். பயந்துகொண்டேதான் போட்டேன்.

அடுத்த செவ்வாய், நாலு பத்துக்குப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. நாலரை வரை பார்த்தேன். வெளியே நல்ல வெயில். அப்பாடா என்று அவளுக்கு போன் போட்டேன்.

"அப்புறம் பேசறேன் தம்பி," என்றாள். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. பின்னால், ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டி சீறும் சத்தம்.

"ஒரு சட்டைய அவசரமா காயவைக்கணும்."