தாராவியில் ஒரு ஹாலந்துக் கால்வாய்

பூதத்தானுக்குத் தொழில், துணியில் ஊர் வரைவது. தாராவியில் ஹமீது பாய் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குத் திரைச்சீலை எழுதிக் கொடுப்பான். தாஜ்மகாலும் பௌர்ணமி நிலாவும் ஜனங்களுக்கு அலுத்துப்போன சமயம், ஹமீது பாய் எங்கிருந்தோ ஒரு கப்பல் கம்பெனிக் காலண்டரைக் கொண்டுவந்து போட்டார். மாசத்துக்கு ஒன்றாக ஹாலந்து தேசத்துக் கால்வாய்க்கரை ஊர்கள். இதில் எந்த ஊரை எழுத என்று பூதத்தான் கேட்டான். எல்லாவற்றையும் எழுது, துணியில் சும்மா இடம் கிடக்கக்கூடாது என்றார் பாய்.

அவனும் ஓர் ஊரின் மாதாகோயில் கோபுரம், ஓர் ஊரின் காற்றாலை, இன்னோர் ஊரின் தூக்குப்பாலம் என்று பன்னிரண்டு ஊரையும் ஒரே கால்வாயில் இறக்கிவிட்டான். தண்ணீரை ஒட்டி ஒடுங்கலான செங்கல் மாடிவீடுகள். ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் சாமான் ஏற்றுவதற்கு ஒரு கட்டையும் கப்பியும் துருத்திக்கொண்டிருக்கும். நம் ஆள் அதையும் விடவில்லை.

பிறகு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவன் எவனும் அந்தக் கால்வாய்க்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் இருந்ததில்லை. எல்லாப் படமும் ஊருக்குப் போயிற்று. பம்பாய் என்றால் இதுதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. விடிய விடியக் காத்துக் கிடந்தாலும் கிணற்றில் அரைக்குடம் ஊறாத மண் அது. தண்ணீர் தெரிகிற படத்தில் ஆளை எவன் பார்ப்பான்?

பூதத்தானும் தன் படத்தை அனுப்பிவைத்தான், கல்யாணத்துக்கு. பெண்ணின் அப்பா பிரம்மநாயகம் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் விட்டுவிட்டு, வீட்டு உச்சியில் கப்பியைப் பார்த்தார். மாடியில் நின்றபடியே கயிற்றை விட்டு வாய்க்காலில் மொண்டுகொள்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். அவர் மனைவி தண்ணீர்க் குடத்தோடு பாறையில் சறுக்கி, இடுப்பொடிந்து படுக்கையோடு கிடந்தாள். மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பது ஒன்றே அவருக்குக் கவலை. சரி என்று சொல்லிவிட்டு, முறைப்படி வீடு பார்க்க ரயிலேறினார்.

செய்தி கேட்டுப் பூதத்தான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். பிரம்மநாயகத்தின் மகள் சண்முகவடிவை ஊர்க்கோயில் கொடைவிழாவில் ஒரே தடவை பார்த்திருக்கிறான். அவளைத் தவிர வேறு ஒருத்தியை அவன் நினைத்ததில்லை. தெருவுக்கும் கலக்கம்தான், இவன் குட்டு உடைந்தால் எல்லார் குட்டும் உடையும். கூடிப் பேசிப் பதில்களைத் தயார்செய்தார்கள். பாலம் எங்கே என்றால், கப்பல் வருகிறது, தூக்கி வைத்திருக்கிறது. காற்றாலை எங்கே என்றால், ரிப்பேர்.

பிரம்மநாயகம் வந்து இறங்கியது ஆனி மாசம், கொட்டுகிற மழை. சந்து முழுக்க முழங்கால் தண்ணீர், வாசலுக்கு வாசல் பலகைப் பாலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூரித்துப்போய் நடந்தார். ஒரு கை அள்ளி, கலங்கலாக இருக்கிறதே என்றார். புதுவெள்ளம் அப்படித்தான் என்று தெருவே ஒரே குரலில் சொல்லியது. பூதத்தானின் தகர மாடிக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கப்பி எங்க மாப்ளே?"

கப்பிக்கு ஒருவரும் பதில் தயார்செய்திருக்கவில்லை. அதற்குமேல் பூதத்தானுக்கும் மனசு கேட்கவில்லை. அவரை ஸ்டுடியோவுக்கே கூட்டிப்போய்த் திரைச்சீலையைக் காட்டினான். பிரம்மநாயகம் கால்வாயை விரலால் தடவினார். விரலில் நீலம் ஒட்டியது.

"அப்போ தண்ணி?"

"தெருமுக்குல கொழா இருக்கு மாமா. பொம்பளைய வரிசையில நிப்பாவ."

"எம்மவளும் நிக்கணுமோ?"

"நா நிப்பேன்."

அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் துவட்டி, சீப்பு கேட்டு வாங்கிச் சீவிக்கொண்டு, கால்வாய்க்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால்வாயைப் பார்த்துவரப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார் மனுஷன்.

"எடும் பாய். தண்ணி நல்லா தெரியணும்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பூதத்தான் தகர மாடி உச்சியில் ஒரு கட்டை அடித்து, கப்பி மாட்டினான். பெண்கள் வரிசையில் குடத்தோடு நிற்கிற ஒரே ஆம்பிளை அவன்தான். 'ஹாலந்து வந்தாச்சு' என்று சிரிப்பார்கள். அவன் குடத்தைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டுவான், சண்முகவடிவு மேலே நின்று இழுப்பாள்.

ஹமீது பாய் வெளியே வந்து அதைப் படம் எடுத்துக் கொடுத்தார். ஊரில் அந்த ஒரு படத்தை மட்டும் எவனும் நம்பவில்லை. பம்பாயில் ஏது தகர வீடு, எவனோ துணியில் எழுதியது என்றார்கள். படுக்கையில் கிடந்த அம்மாக்காரி வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கயிறு நைஞ்சுபோயிருக்கு," என்றாள். "மருமவன மாத்தச் சொல்லுங்க."