கோமதி ஆர்கன் வாசிக்க, நாங்கள் திரும்பி உட்கார்ந்தோம்

பூந்தமல்லியில் ஆர்கன் கச்சேரி கேட்கக் குடும்பத்தோடு போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நாங்கள் முதல்முதலாகப் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் சனிக்கிழமை. வாசித்தது என் தங்கை கோமதி, அப்போது பத்தொன்பது வயது. அதனால் இதில் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவளை, அங்கிருந்த இசை ஆசிரியைதான் பூந்தமல்லியில் ஒரு பழைய தேவாலயத்தின் குழாய் ஆர்கனில் உட்கார வைத்தார். சில வருடம் பழகிய பிறகு ஆலயக் கமிட்டியில் பேச்சு கிளம்பியது: சபையில் சேராத வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு ஆர்கன்? கச்சேரியைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். எங்களுக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு குழாய் ஆர்கன் கிடையாது. அவர் வேண்டாம் என்றால் அவள் வாசிப்பு அன்றோடு சரி.

எங்கள் ஊர் அயனம்பாக்கத்திலிருந்து திருவேற்காடு, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லி பத்து கிலோமீட்டருக்குள்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பியதால் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு வேன் பேசினோம். அத்தைகள் பட்டுப்புடவையில் ஏறியதைப் பார்த்து டிரைவருக்குச் சந்தேகம்.

"இன்னா நைனா, யாருக்குக் கண்ணாலம்?"

"கண்ணாலம் இல்ல அண்ணாத்தே. என் தங்கச்சி சர்ச்சுல ஆர்கன் வாசிக்குது. கையால மட்டும் இல்ல, காலாலயும் வாசிக்கும்."

"காலாலயா? அப்ப நானும் வரேன்" என்றவர், போய்ச் சேர்ந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு உள்ளே வந்துவிட்டார்.

ஆர்கன் பின்பக்க மாடியில் இருந்தது. பெஞ்சுகளோ பீடத்தைப் பார்த்தபடி. வாசிப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வயலில் கூலிக்குப் போய், பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் சுமை தூக்கி எங்களை வளர்த்தவர் அவர்.

"எம்பொண்ணு வாசிக்கச் சொல்லோ முதுக காட்டிக்கினு குந்துறதா?" என்று எழுந்துபோய், பீடத்துப் படிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு மாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அத்தைகள், மாமாக்கள், டிரைவர், நான் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

செயலாளர் ஓடிவந்தார். "பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாதுங்க, எழுந்திரிங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். தங்கச்சி தலையில் நாங்களே மண்ணைப் போட்டுவிட்டோமே! அதற்குள் மேலே வாசிப்பு தொடங்கிவிட, அவர் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார்.

முதலில் பரோக் காலத்து இசை, அதாவது முந்நூறு வருடப் பழைய ஐரோப்பிய இசை. எனக்கு இலக்கணம் தெரியாது, காதில் விழுந்ததைச் சொல்கிறேன். ஒரு கை மெட்டைத் தொடங்கியது. அடுத்த கை அதையே பிடித்துக்கொண்டது. கடைசியில் அதே மெட்டு கனத்த குரலில் வந்தபோது தரை அதிர்ந்து எங்கள் உடம்பில் ஏறியது. "இது காலுதானே?" என்று டிரைவர் என் தொடையைத் தட்டினார். அடுத்து வந்த, அதற்குச் சற்றுப் பிந்தைய கிளாசிக்கல் காலத்து உருப்படிகள் இலேசானவை, அத்தைகள் தலையாட்டிக் கேட்டார்கள். முடிவதற்குள் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு, பீடத்தில் நடப்பதைப் பார்த்து வாசிப்பதற்காக. கீழே வந்த கோமதி, "கண்ணாடியில உங்க மூஞ்சிங்கதான் தெரிஞ்சிது. பயமே பூடுச்சி" என்றாள்.

செயலாளர் அப்பாவிடம் வந்தார். "பொண்ணு தொடர்ந்து வாசிக்கட்டும். ஆனா இனிமே நீங்க பெஞ்சுல ஒழுங்கா உக்காரணும்."

அப்பா கைகூப்பினார். "சாமி கும்புடச் சொல்லோ அந்தப் பக்கம் பாத்துக்கினு குந்துறோம் சார். எம்பொண்ணு கச்சேரின்னா இந்தப் பக்கந்தான்."

போகிறவர்களுக்கு: ஆவடி, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ் உண்டு. உருப்படிகளுக்கு நடுவில் கைதட்ட வேண்டாம், முடிந்ததும் தட்டிக்கொள்ளலாம். எங்கே உட்காருவது என்று தயங்கவும் வேண்டாம். அடுத்த வருடம் நாங்கள் போனபோது பீடத்துப் படிக்கு முன்னால் ஜமக்காளம் விரித்திருந்தது. அதில் முதல் ஆளாக, மாடியைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் செயலாளர்.