எண்ணெய்ப் பாறையில் ஒரு புள்ளி

கம்பை ஊன்றிவிட்டால் ஆதம் பாய் மூச்சு விடமாட்டார். ஆளுயரக் கம்பு. அதன் உச்சியில் கவிழ்த்துவைத்த இட்லிச்சட்டி மாதிரி, சேட்டிலைட்டைக் கொண்டு இடம் அளக்கும் ஒரு கருவி, இடுப்பு மட்டத்தில் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் இருக்கும் காற்றுக் கொப்புளம் நடுவட்டத்தில் வந்து உட்கார வேண்டும். கையிலிருக்கும் திரையில் மஞ்சள் எழுத்து பச்சையாக வேண்டும். இரண்டும் நடந்த பிறகே பொத்தானை அமுக்குவார், மூச்சையும் விடுவார். அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர் யாராவது பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டால் பதில் வராது. வந்தால் இன்னும் மோசம். "நானூத்திப் பத்து மீட்டர் வடகிழக்கா போங்க. அங்கன ஒரு டிரான்ஸ்பார்மர் வரும்" என்பார். கேட்டவர் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்துச் சிப்ஸ் கடையில் மறுபடி கேட்பார்.

வயது நாற்பத்தாறு, வீடு தென்காசியில். குற்றாலத்துக்கு வரைபடம் போடும் ஒரு தனியார் கம்பெனியில் டெக்னீஷியன். அதற்குமுன் பதினோரு வருடம் கத்தார் பாலைவனத்தில் குழாய் பதிக்க இடம் அளந்து புள்ளி எடுத்தவர். "அங்கன வானம் சும்மா தொறந்து கெடக்கும். கம்ப வச்ச ஒடனே இருவது சேட்டிலைட்டு வந்து நிக்கும். இங்கன ஒரு பக்கம் மலை மறைக்குது, ஒரு பக்கம் மரம் மறைக்குது" என்று மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி அவருக்கு ஒரு குறை உண்டு. கணுக்காலுக்கு மேல் ஏறும் கம்பெனி பூட்ஸை வேலை முடியும்வரை கழற்றமாட்டார். ஊரே வெறுங்காலும் ஈரத்துண்டுமாகத் திரிகிற குற்றாலத்தில் கால் நனையாத ஒரே பிரஜை அவர்தான். கேட்டால், களத்தில் பூட்ஸ் கழற்றக்கூடாது என்பது ரூல்.

ரூல்களில் தலையாயது ஒன்று உண்டு: "நகருதது மேப்புல வராது." கார், தள்ளுவண்டி, குடை, குரங்கு எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். ஒரு லாட்ஜ் வாசலில் எட்டு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது ஒரு வேன். டயர் நான்கும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கூரையைக் கிழித்துக்கொண்டு வேப்பமரம் ஒன்று வளர்ந்திருக்கிறது. பாய் அரைமணி நேரம் அதைச் சுற்றிச்சுற்றி வந்து, வேப்பமரத்தைக் குறித்துக்கொண்டு வேனை விட்டுவிட்டார். எந்நேரமும் கிளம்பிவிடக்கூடிய சாதி அது.

வீட்டிலும் இதே சட்டம்தான். மனைவி ரஹ்மத் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்: "கட்டில ஒரு சாண் நகத்திப் போட்டேன். மூணு நாளா முழங்கால இடிச்சுக்கிட்டுத் திரியுதாவ. கேட்டா, கட்டிலுதான் எடம் தப்பிக் கெடக்குன்னு சொல்லுதாவ."

இப்பேர்ப்பட்ட மனிதரும் ஒருமுறை சறுக்கினார். போன சீசனில், மலைப்பாறையை ஒட்டிப் புள்ளி எடுக்கும்போது மழை வலுத்தது. எழுத்து மஞ்சளாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டார். மஞ்சளில் எடுத்த புள்ளி எங்கே வேண்டுமானாலும் போய் விழும். அது போய் விழுந்த இடம் அருவி. ஆபீஸ் சுவரில் ஒட்டிய பெரிய வரைபடத்தில் பெண்கள் உடைமாற்றும் அறை, கொட்டுகிற தண்ணீருக்கு நட்டநடுவில் கம்பீரமாக நின்றது. மேலதிகாரி ஒன்றும் திட்டவில்லை. அங்கே போய் உடுப்பு மாற்றிக்காட்டச் சொன்னார், அவ்வளவுதான். அன்றிலிருந்து பச்சை வராமல் பாய் எதையும் அமுக்குவதில்லை, லிஃப்ட் பொத்தானைக்கூட.

இந்த ஜூனில், சாரல் தொடங்கிய வாரம், அருவிக்குப் போகும் வழியில் கடற்கரை என்பவர் அவரை மறித்தார். கடற்கரை எண்ணெய் மசாஜ் தொழிலாளி. குடைபோல் கவிழ்ந்த ஒரு பாறைக்கடியில் ஒரு ஸ்டூல், நாலு எண்ணெய்ப் பாட்டில், தோளில் ஒரு துண்டு. இருபத்திரண்டு வருடக் கடை அதுதான். இந்த சீசனில் பாயின் கம்பெனி போடும் வரைபடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அருவிப் பாதையில் இடம், மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போக வேண்டும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் எவன் எண்ணெய் தேய்த்துக்கொள்வான்?

"பாய், ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி வச்சிருங்க."

"அண்ணாச்சி, ஸ்டூலு நகரும். நகருதது மேப்புல வராது."

"நான் இருவத்திரெண்டு வருசமா நகரலையே, பாய்."

"ஆளும் நகருத இனந்தான்."

மறுநாள் கடற்கரை ஸ்டூலைச் சங்கிலியால் பாறை இடுக்கில் இருந்த இரும்பு வளையத்தோடு பூட்டிவைத்திருந்தார். பாய் பூட்டை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு, சங்கிலி போட வேண்டியிருக்கிறதென்றால் இது நகரக்கூடியது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று விளக்கிவிட்டு நடந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. கட்டிலிலும் இடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாளும் சாரல். கடற்கரை கேட்பதை நிறுத்திவிட்டு, பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாய் வழக்கம்போல் ஸ்டூலுக்கு முன்னாலிருந்த தரைப்பாறைக்குக் குறுக்கே நடந்தார், பூட்ஸ் வழுக்கியது. குனிந்து பார்த்தார். சுற்றிலும் ஈரம் குடித்துப் பாசி பிடித்த பாறை. இந்த எட்டடிக்கு ஐந்தடி மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தது. சாரல் அதில் விழுந்து, ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடியது.

"அண்ணாச்சி, இது எப்பப் போவும்?"

"எண்ணெயா? சோடா போட்டுத் தேச்சாச்சு, பிளீச்சிங் போட்டுத் தேச்சாச்சு. நான் போனாலும் அது போவாது, பாய்."

பாய் திரையைத் திறந்தார். மின்கம்பம், குழாய், பாலம், சிலை என்று பட்டியல் ஓடியது. எண்ணெய்க்கறை என்று அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் 'இதர நிரந்தர அடையாளம்' என்பதைத் தொட்டு, எதிரே 'எண்ணெய்ப் பாறை, கடற்கரை மசாஜ்' என்று எழுத்தெழுத்தாக அடித்தார். கறையின் நடுவில் கம்பை ஊன்றினார்.

மஞ்சள். தலைக்கு மேலே பாறை கவிழ்ந்திருந்தால் சேட்டிலைட் எங்கே தெரியும்? இரண்டொன்று நகர்ந்து வரும்வரை நிற்க வேண்டியதுதான். இருபது நிமிடம் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கடற்கரை பக்கத்தில் வந்து நின்றார்.

"அமுக்கிருங்க பாய். மஞ்சளா இருந்தா என்ன?"

"மஞ்சள்ல அமுக்குனா ஒங்க கடை அருவிக்குள்ள போயிரும்."

ஒருவழியாகப் பச்சை வந்தது. அதே நொடியில் பூட்ஸ் எண்ணெயில் சறுக்கி, கம்பு சாய்ந்து, கொப்புளம் ஓரத்துக்கு ஓடியது. மறுபடி மஞ்சள். பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, பூட்ஸின் நாடாக்களை அவிழ்த்துக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்தார். வெறுங்காலோடு கறைமேல் ஏறி, பத்து விரல்களாலும் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கம்பை நிறுத்தினார். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கொப்புளம் நடுவில் வந்து உட்கார்ந்தது. பச்சை. அமுக்கினார்.

கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்று நாளாக அந்தப் பாறைக்குக் குறுக்கே நடந்தவர், இப்போது கறையின் ஓரத்தில் ஒரு நொடி நின்று, யார் வீட்டுச் சுவரையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.